மிஞ்சிய இரண்டு மூட்டை

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு பயம் வந்துவிடும். கான்கிரீட் பாதியில் தீர்ந்துபோய்விடுமோ என்ற பயம். மேலே ஆட்கள் நின்றுகொண்டு இன்னும் வேண்டும் என்பார்கள், கீழே சிமெண்ட் இருக்காது, கணக்குப் போட்டது நீங்களாக இருக்கும். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. அதற்காகவே ஒவ்வொரு கணக்கிலும் கொஞ்சம் கூட்டிப் போடுவேன். கூட்டிப் போட்டதற்காகத் திட்டும் வாங்குவேன். உங்களுக்கும் இதெல்லாம் நடக்கும், பழகியும் போகும்.

நான் எழுத வந்தது வேறொரு பயத்தைப் பற்றி. கான்கிரீட் மிஞ்சும்போது வர வேண்டிய பயம் அது. எனக்கு அது ஒன்றரை மாதம் தாமதமாக வந்தது.

திருவண்ணாமலையில் ஒரு சிறிய கட்டுமான நிறுவனத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். வரைபடத்தைப் பார்த்து, இந்தக் கட்டடத்துக்கு இவ்வளவு சிமெண்ட், இவ்வளவு மணல், இவ்வளவு ஜல்லி, இவ்வளவு கம்பி என்று சொல்வதுதான் என் வேலை. சைட்டில் நின்று கட்டுவது மற்றவர்கள். நான் எப்போதாவது போய்ப் பார்த்துவிட்டு வருவேன். "மேடம் கணக்குப் போடற ஆள்" என்று மரியாதையாகச் சொல்வார்கள். கட்டடத்தைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்ற அர்த்தமும் அதற்குள் இருக்கும்.

அந்த நேரத்தில் அடி அண்ணாமலையில் ஒரு தங்கும் விடுதி கட்டிக்கொண்டிருந்தோம். கீழே பெரிய சாப்பாட்டுக் கூடம், மேலே அறைகள். கூடத்தில் பன்னிரண்டு தூண்கள், எல்லாம் ஒரே அளவு. ஒரு தூணுக்குப் பதினோரு மூட்டை சிமெண்ட் என்று கணக்குக் கொடுத்திருந்தேன். முதல் நாள் ஆறு தூண்களுக்குக் கான்கிரீட் போட்டார்கள். அறுபத்தாறு மூட்டை சரியாகத் தீர்ந்தது. இரண்டு நாள் கழித்து மீதி ஆறு தூண்கள். அன்று சாயந்திரம் சைட் சூப்பர்வைசர் பச்சையப்பன் போன் செய்தார்.

"மேடம், இன்னிக்கு ரெண்டு மூட்டை மிஞ்சிடுச்சு. உங்க கணக்கு ஜாஸ்தி."

அவர் கேலியாகத்தான் சொன்னார், நானும் சிரித்தேன். ஆனால் மனசுக்குள் சுருக்கென்றது. அந்த மாதம்தான் எங்கள் இன்ஜினியர், அதாவது நிறுவனத்தின் முதலாளி, எல்லார் முன்னாலும் "நீ போடற கணக்குல ஒரு வீட்டுக்கு ரெண்டு வீடு கட்டலாம்மா" என்று சொல்லியிருந்தார். அந்தச் சொல் உள்ளே கிடந்து உறுத்திக்கொண்டிருந்தது. அதனால் அடுத்த மாடித் தூண்களுக்குப் பதினொன்று என்று எழுதியிருந்ததைப் பத்தரை என்று திருத்தி வைத்தேன். மிஞ்சிய இரண்டு மூட்டை எதனால் மிஞ்சியது என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

மேல்தளமும் போட்டாயிற்று. மூன்று வாரம் தண்ணீர் ஊற்றினார்கள். பௌர்ணமி வந்தது. விடுதியின் சொந்தக்காரருக்கு ஒரு ஆசை. கட்டடம் முடியாவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்களைக் கூடத்தில் உட்கார வைத்துச் சாப்பாடு போட வேண்டும். தளத்தைத் தாங்கி நின்ற சவுக்கு முட்டுகளை அன்று மதியத்துக்குள் எடுத்துவிட்டுக் கூடத்தைக் கழுவித் தருவதாக எங்கள் இன்ஜினியர் ஒப்புக்கொண்டிருந்தார்.

அன்று காலை நான் ஆபீசில் மாடித் தூண்களுக்குச் சிமெண்ட் கேட்டு எழுத உட்கார்ந்தேன். பத்தரை என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கே சந்தேகம் வந்தது. எதற்காகக் குறைத்தோம் என்று யோசித்தேன். இரண்டு மூட்டை மிஞ்சியதால். சரி, முதல் நாள் ஏன் மிஞ்சவில்லை? அதே அளவுத் தூண், அதே கலவை மெஷின், அதே ஆட்கள். என் கணக்கு ஜாஸ்தி என்றால் முதல் நாளும் இரண்டு மூட்டை மிஞ்சியிருக்க வேண்டுமே.

பேனாவைக் கீழே வைத்தேன்.

கான்கிரீட் கம்மியாகப் போனால் நூறு காரணம் சொல்லலாம். சிந்தியிருக்கும், பலகை இடுக்கில் ஒழுகியிருக்கும், யாராவது ஒரு மூட்டையை வீட்டுக்கு எடுத்துப் போயிருப்பார்கள். மிஞ்சினால் ஒரே ஒரு காரணம்தான். போக வேண்டிய இடத்துக்கு அது போகவில்லை. இரண்டு மூட்டைச் சிமெண்டில் ஆகிற கான்கிரீட்டை மனசுக்குள் குவித்துப் பார்த்தேன். ஓர் ஆள் குந்தி உட்கார்ந்தால் எவ்வளவு இடம் அடைப்பாரோ அதைவிட ஜாஸ்தி. ஏதோ ஒரு தூணுக்குள் அவ்வளவு இடம் காலியாக இருக்கிறது. முட்டை எடுத்துவிட்டால் தளத்தின் எடை முழுக்க அந்தத் தூண்மேலும் இறங்கும்.

இல்லாமலும் இருக்கலாம். இதையும் சொல்ல வேண்டும். ஒரு வேலையில் இரண்டு மூட்டை முன்னே பின்னே போவது சாதாரணம். எண்ணியதில் தவறு நடந்திருக்கலாம். தூணில் பொந்து இருந்திருந்தால் பலகையைப் பிரித்த அன்றே கண்ணுக்குத் தெரிந்திருக்கும், பச்சையப்பன் பார்த்திருப்பார். இப்படி என்னை நானே சமாதானம் செய்துகொண்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். அந்தச் சமாதானம் போதவில்லை.

முதலில் எங்கள் இன்ஜினியருக்குப் போன் செய்தேன். அவர் விடுதிக்காரரோடு கோயிலில் இருந்தார். பின்னால் மணிச் சத்தம் கேட்டது. விஷயத்தைச் சொன்னேன்.

"ரெண்டு மூட்டையா?" என்றார். "என்னம்மா, அதுக்கா போன் பண்ண?"

"சார், முட்ட மட்டும் இன்னிக்கு எடுக்க வேணாம். ஒரு தடவ பார்த்துடலாம்."

"சாயந்திரம் அங்க ஆயிரம் பேருக்குச் சாப்பாடு. சமையல்காரங்க வந்துட்டாங்க. நாளைக்குப் பாப்போம்." வைத்துவிட்டார்.

பச்சையப்பனுக்குப் போன் செய்தேன். இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தார். சுத்தியல் சத்தத்துக்கு நடுவே கத்திப் பேசினார்.

"ஒரு பக்கம் பிரிச்சுட்டோம் மேடம். இந்தப் பக்கம் பாதி இருக்குது. சாப்பாட்டுக்கு உட்டுட்டு அப்பறம் எடுத்துடுவோம்."

"எங்க உக்காந்து சாப்பிடறாங்க?"

"வேற எங்க? ரூஃப் நெழல்லதான்."

"அவங்கள வெளிய வரச் சொல்லுங்க. நான் வர்ற வரைக்கும் ஒரு முட்டுலகூட கை வைக்காதீங்க."

"சார் சொன்னாரா மேடம்?"

அந்த ஒரு கேள்விக்கு நான் யோசித்த நேரம் எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. சொன்னார் என்று பொய் சொல்லியிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும். "இல்ல, நான் சொல்றேன்" என்றேன். லைன் கட்டாகிவிட்டது. கட் செய்தாரா, சிக்னல் போய்விட்டதா என்று தெரியவில்லை.

ஸ்கூட்டரை எடுத்தேன். பௌர்ணமி என்றால் கிரிவலப் பாதையில் வண்டிகளை விடமாட்டார்கள். காஞ்சி ரோட்டில் தடுப்பு வைத்திருந்தார்கள். வண்டியை ஒரு டீக்கடை ஓரம் போட்டுவிட்டு நடந்தேன். மலையைச் சுற்றி வந்தவர்கள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். வெறுங்காலோடு, தலையில் துண்டு போட்டுக்கொண்டு, குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு. நான் அவர்களை இடித்துக்கொண்டு எதிர்த் திசையில் ஓடினேன். ஓர் ஆள் "இந்தப் பக்கமா சுத்தக் கூடாதும்மா" என்றார். இவர்களில் யாராவதுதான் சாயந்திரம் அந்தக் கூடத்தில் இலை முன்னால் உட்காரப் போகிறார்கள் என்று தோன்றியது. அதற்குப் பிறகு முகங்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே ஓடினேன்.

ஓடும்போது எனக்கு இரண்டு பயம் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஒன்று, நான் நினைத்தது சரியாக இருக்குமோ என்று. இன்னொன்று, நான் நினைத்தது தப்பாக இருக்குமோ என்று. தப்பாக இருந்தால் நாளைக்கு ஆபீசில் என்ன பேசுவார்கள் என்று அந்த ஓட்டத்திலும் மனசு ஒரு பக்கம் யோசித்துக்கொண்டிருந்தது. மனுஷ மனசு அப்படித்தான். அதற்காக நின்றுவிடாமல் இருந்தால் போதும்.

சைட்டுக்குப் போனபோது யாரும் வெளியே வந்திருக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் தளத்தின் நிழலில் டிபன் பாக்சைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பக்கம் முட்டு எல்லாம் எடுத்துக் கூடம் வெறிச்சென்று இருந்தது. இன்னொரு பக்கம் சவுக்குக் கட்டைகள் இன்னும் காடு மாதிரி நின்றன. சித்தாள் கன்னியம்மா, பல வருடமாக எங்கள் சைட்டுகளில் கலவைச் சட்டி தூக்குகிறவள், ஒரு தூணில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் எழுந்து வெளிய வாங்க" என்றேன். எனக்கு மூச்சு வாங்கியது.

"வெயில்ல உக்காந்து சாப்புடச் சொல்றீங்களா மேடம்?" என்றாள் கன்னியம்மா. மற்றவர்கள் சிரித்தார்கள்.

"சாப்பாட்ட எடுத்துட்டு வாங்க. காரணம் அப்பறம் சொல்றேன்."

என் முகத்தில் எதைப் பார்த்தாளோ தெரியவில்லை. டிபன் பாக்சை மூடிக்கொண்டு முதலில் எழுந்தவள் அவள்தான். மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தார்கள்.

பச்சையப்பன் முகம் கடுகடுவென்று இருந்தது. "சார் திட்டினா நான் என்ன சொல்றது?"

"நான்தான் நிறுத்தினேன்னு சொல்லுங்க. முதல்ல எடுத்த முட்டெல்லாம் திருப்பி வைங்க."

அவர் தயங்கி நின்றார். பிறகு ஆட்களைக் கூப்பிட்டார். அரை மனசோடுதான் செய்தார். ஆனால் செய்தார். அவர்கள் முட்டு வைத்து முடிக்கிற வரைக்கும் நான் வெயிலில் பெண்களோடு நின்றேன். நிற்கும்போதுதான் கேட்டேன், கடைசி ஆறு தூணுக்குக் கான்கிரீட் போட்ட அன்று யார் யார் சட்டி தூக்கினீர்கள் என்று.

"நான்தான். இவளும் இருந்தா" என்றாள் கன்னியம்மா.

"அன்னிக்கு ஏதாவது ஒரு பில்லரு சீக்கிரம் ரொம்பிச்சா?"

யோசிக்கவே இல்லை அவள். "ரொம்பிச்சே. மத்ததுக்கெல்லாம் தூக்கித் தூக்கிக் கை கழண்டுபோச்சு. ஒன்னு மட்டும் சீக்கிரமே ரொம்பிடுச்சு. நல்லதாப் போச்சுன்னு டீ குடிக்கப் போனோம்."

"எதுன்னு ஞாபகம் இருக்குதா?"

கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. இவ்வளவு நேரம் அவள் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்த தூண் அது. "அதான்" என்றாள்.

சென்ட்ரிங் மேஸ்திரி ஏழுமலை பக்கத்தில்தான் நின்றிருந்தார். தூண்களுக்குப் பலகை அடித்ததும் பிரித்ததும் அவர் ஆட்கள். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

அந்தத் தூணைச் சுற்றி முட்டு இன்னும் எடுக்கவில்லை. அதை இரண்டு தடவை உறுதிசெய்துகொண்டுதான் கிட்டே போனோம். ஏழுமலையைச் சுத்தியால் தட்டிப் பார்க்கச் சொன்னேன். தலை உயரத்தில் தட்டினார். கல்லில் தட்டின மாதிரி கணீரென்று கேட்டது. நெஞ்சு உயரத்திலும் அப்படியே.

"நல்லாத்தான் இருக்குது மேடம்" என்றார் பச்சையப்பன்.

"கீழ தட்டுங்க."

ஏழுமலை தட்டவில்லை. சுத்தியைப் பிடித்தபடி நின்றார். நான் அவர் கையிலிருந்து அதை வாங்கினேன். குனிந்து, முட்டிக்குக் கொஞ்சம் மேலே தட்டினேன். அட்டைப் பெட்டியில் தட்டின மாதிரி டொப்பென்று கேட்டது. இன்னொரு தடவை தட்டினேன். ஒரு தட்டு அகலத்துக்குப் பூச்சு உடைந்து உள்ளே விழுந்தது. வெளியே விழவில்லை என்பதைக் கவனியுங்கள். உள்ளே விழுந்தது. விழுந்த சத்தம் கொஞ்சம் தாமதமாகக் கேட்டது.

கையை விட்டேன். முழங்கை வரைக்கும் போனது. கம்பிகள் தட்டுப்பட்டன. கம்பிகளுக்கு நடுவே கொஞ்சம் ஜல்லி ஒட்டிக்கொண்டிருந்தது, மீதியெல்லாம் வெற்றிடம். அந்த மதிய வெயிலில் உள்ளே சில்லென்று இருந்தது. கையை வெளியே எடுக்கக்கூடப் பயமாக இருந்தது எனக்கு. அசைத்தால் மேலே இருக்கிறதெல்லாம் வந்துவிடும் என்று புத்தியில்லாமல் ஒரு நினைப்பு.

அந்த இடத்தில் கம்பிகள் இரண்டு இரண்டாக நெருக்கமாக இருந்தன. மேலிருந்து போட்ட கான்கிரீட் அங்கே சிக்கி அடைத்துக்கொண்டு கீழே இறங்கவில்லை. அது நடக்கக்கூடியதுதான். அதை மூடிவைத்ததுதான் நடந்திருக்கக் கூடாதது.

"பலகையப் பிரிச்சப்பவே பார்த்தேன் மேடம்" என்றார் ஏழுமலை. யாரும் கேட்காமலேயே சொன்னார். "கை அளவுக்குத்தான் ஓட்ட இருந்துச்சு. உள்ள இவ்ளோ இருக்கும்னு தெரியாது. சூப்பர்வைசர் வர்றதுக்குள்ள கலவ வச்சுப் பூசிட்டேன். போன சைட்டுல இப்புடி ஒன்னுக்கு என்ன நிறுத்திப்புட்டாங்க. பயந்துட்டேன்."

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர் பயந்துபோய்ப் பூசினார். நான் பயந்துபோய்ப் பதினொன்றைப் பத்தரையாக்கினேன். அவர் ஓட்டையை மறைத்தார், நான் அது இருக்கிறது என்று சொன்ன ஒரே எண்ணை மறைத்தேன். இரண்டு பேரும் திட்டு வாங்காமல் இருக்கத்தான் அதைச் செய்தோம்.

எங்கள் இன்ஜினியருக்குப் போட்டோ அனுப்பினேன். அதைப் பார்த்துவிட்டு அவரே வந்துவிட்டார், நெற்றியில் விபூதியோடு. தூண் முன்னால் குனிந்து கையை உள்ளே விட்டார். எடுத்து, சிமெண்ட் தூசி ஒட்டிய உள்ளங்கையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேயே நின்றபடி விடுதிக்காரருக்குப் போன் செய்தார்.

"இன்னிக்குச் சாப்பாடு ரோட்டோரமாப் போட்டுக்குங்க. கூடம் தர முடியாது. இல்லீங்க, நாளைக்கும் முடியாது. தப்பு எங்க மேலதான்."

அதற்குப் பிறகு என்னைப் பார்த்து, "முட்டுக் கொடுக்க இரும்பு ஜாக்கி எத்தினி வேணும், கணக்குப் போடும்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மன்னிப்பும் கேட்கவில்லை, பாராட்டவும் இல்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு ஏழுமலையை வேலையை விட்டு நிறுத்தச் சொல்லி யார் யாரோ சொன்னபோது, "அவன் உண்மையச் சொன்னதாலதான் மத்த பில்லரையும் நம்ப முடியுது" என்று நிறுத்தாமல் வைத்துக்கொண்டார். மீதிப் பதினோரு தூண்களையும் அடிமுதல் நுனிவரை தட்டிப் பார்த்தோம். எதிலும் ஒன்றும் இல்லை. அந்த ஒரு தூணை மட்டும் சுற்றிலும் இரும்பு முட்டுக் கொடுத்து, மோசமான பகுதியை வெட்டி எடுத்துப் புதிதாகப் போட்டோம். மூன்று வாரம் ஆனது. விடுதி இப்போதும் நன்றாக நடக்கிறது.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதில் பாதிதான். நீங்கள் போடுகிற கணக்கு, பொருள் வாங்குவதற்காக மட்டும் இல்லை. கட்டி முடித்த பிறகு கண்ணால் பார்க்க முடியாத இடத்தைப் பார்ப்பதற்கும் அது ஒன்றுதான் வழி. அதனால் மிஞ்சியது என்று யாராவது சொன்னால் உங்கள் எண்ணைத் திருத்தாதீர்கள். எங்கே மிஞ்சியது என்று கேளுங்கள். சட்டி தூக்கினவர்களிடம் கேளுங்கள். கணக்கு காகிதத்தில் இருந்தாலும், எந்தத் தூண் எவ்வளவு குடித்தது என்பது அவர்கள் கைக்குத் தெரியும்.

மீதிப் பாதியை யாருக்கும் இதுவரை சொன்னதில்லை.

அன்று சாயந்திரம் எல்லாரும் கிளம்பும்போது கன்னியம்மா என் பக்கத்தில் வந்தாள். சாப்பிடாத டிபன் பாக்சைத் துணியில் சுற்றி இடுப்பில் வைத்திருந்தாள்.

"மேடம், நான் எத்தினியோ பில்டிங்குக்குச் சட்டி தூக்கியிருக்கேன். சீக்கிரம் ரொம்பிடுச்சுன்னு எத்தினியோ தடவ சந்தோஷப்பட்டிருக்கேன். அதெல்லாம் எப்புடி மேடம் இருக்கும்?"

மறுநாள் ஆபீசில் பழைய கோப்புகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பொருள் மிஞ்சியதாகச் சொல்லி நான் சந்தோஷப்பட்ட இடங்களைத் தேடினேன். மூன்று கட்டடங்கள் கிடைத்தன. இரண்டு கடைகள். பச்சையப்பனும் நானும் போய்த் தட்டிப் பார்த்தோம், இரண்டும் நன்றாக இருந்தன. மூன்றாவது கீழ்பென்னாத்தூரில் ஒரு வீடு. முன்பக்கப் போர்டிகோவில் கான்கிரீட் நிறைய மிஞ்சியிருந்தது. அங்கே நான் மட்டும் தனியாகப் போனேன்.

போர்டிகோவுக்குக் கீழே ஒரு டிராக்டர் நின்றது. பக்கத்தில் வேர்க்கடலை காயப் போட்டிருந்தார்கள். இரண்டு பிள்ளைகள் அதில் புரண்டு விளையாடிக்கொண்டிருந்தன. நான் கைப்பையில் சுத்தியோடு வாசலில் நின்றேன். உள்ளே கூப்பிட்டு என்ன சொல்வது, உங்கள் வீட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை என்றா? திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அந்தக் கணம்தான் இந்த வேலையில் எனக்கு இருந்த பயங்களிலேயே பெரியது. யாருக்கும் தெரியாது. நான் போய்விட்டால் யாரும் கேட்கப் போவதில்லை.

கதவைத் தட்டினேன். வீட்டு அம்மா வந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு உட்காரச் சொன்னார்.

"உக்கார வரலீங்க. போர்டிகோ பில்லரத் தட்டிப் பாக்கணும். கட்டறப்ப கான்கிரீட்டு மிஞ்சிடுச்சு. ஏன்னு அப்ப நான் கேக்கல."

அவர் என்னையும் தூணையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்து உள்ளே விட்டுவிட்டு வந்தார். "தட்டுங்க" என்றார். நான் நான்கு தூண்களையும் கீழிருந்து மேல் வரை தட்டி முடிக்கும் வரை, மார்புக்குக் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றார். நான்கும் கணீரென்று கேட்டன.

"ஒன்னுமில்லையா?" என்றார்.

"ஒன்னுமில்லீங்க."

"போர்டிகோ இவ்ளோ நீளம் வேணாம்னு எங்க வீட்டுக்காரரு கடைசில கொறைக்கச் சொன்னாரு. அதனால மிஞ்சியிருக்கும்." மூச்சு விட்டுக்கொண்டே சொன்னார். "மொதல்லயே கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே மேடம்."